வெள்ளிக்கிழமை ஜன்னல்

"அந்தப் புது ஜன்னல் உள்பக்கமா மடங்குமாம். கட்டில்ல உக்காந்துகிட்டே வெளிக் கண்ணாடியத் தொடச்சிரலாமாம்."

"கட்டில்ல உக்காந்து செய்யறதுக்குப் பேரு வேலையா? சீக்காளிக்குச் சொல்ற பக்குவம் மாதிரியில்ல இருக்கு."

"எதுத்த வீட்டு ஜாய்ஸ் அப்படித்தான் தொடைக்கிறா."

"ஜாய்ஸ் தொடைக்கிறாளா? என்னைக்கு?"

வில்ஃப் ஹெல்லிவெல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வாட்டிய ரொட்டியை எடுத்து, உறைந்த மாட்டுக் கொழுப்பை அதன் நாலு மூலைக்கும் போகும்படி தடவி, மேலே உப்பைத் தூவினார். ஹாலிஃபாக்ஸ் நகரத்து மேடுகளில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். குறுகலான ஏற்றத்தில் எதிரே லாரி வந்தால் ஹாரன் அடிக்கிற ஆள் இல்லை. ஒதுங்கி நின்று, சந்து கிடைத்ததும் நுழைந்துவிடுவார். மனைவி மேவிஸிடமும் இத்தனை வருஷம் அப்படித்தான் ஓட்டினார். இந்த ஜன்னல் சமாச்சாரத்தில்தான் சந்தே கிடைக்கவில்லை.

அந்தத் தெருவே ஒரு கம்பளி மில் முதலாளி தன் மேஸ்திரிகளுக்காகக் கட்டியது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு, தோளோடு தோள் உரசி மேடேறும் கல்வீடுகள். மில் புகை குடித்துக் கறுத்த கல். அந்தக் கறுப்புக்கு நடுவே வெள்ளைச் சட்டம் போட்ட உயரமான ஜன்னல்கள். ஹெல்லிவெல் வீட்டின் முன்பக்கம் ஆறு ஜன்னல். மேல்பாதி ஒரு சட்டம், கீழ்ப்பாதி ஒரு சட்டம், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஏறி இறங்கும். போன மழைக்காலத்தில் மேவிஸ் கீழ்ச்சட்டத்தின் அடிக்கட்டையில் டீஸ்பூனை வைத்து அழுத்தினாள். ஊறிய கேக்கில் இறங்குவதுபோல் கரண்டி இறங்கிற்று. அன்றைக்குத்தான் ஜன்னல் மாற்றும் பேச்சு ஆரம்பித்தது.

பழைய தெரு, முன்முகம் மாறக் கூடாது என்று நகரசபை சொல்லிவிட்டது. மரமாக இருக்க வேண்டும், மேலும் கீழும் நகர வேண்டும். (ஜாய்ஸ் பாராக்ளஃப் இந்த விதி வருவதற்கு முன்பே பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுத் தப்பித்துக்கொண்டவள்.) மரத்திலேயே இரண்டு வகை இருந்தது. ஒன்று, பக்கவாட்டில் ஸ்பிரிங் ஒளிந்திருக்கும். இரண்டு கொக்கியை அமுக்கினால் சட்டம் அறைக்குள் சாய்ந்து படுத்துவிடும். இன்னொன்று இருந்தது இருந்தபடியே: நிலைக்குள்ளே பெட்டி, பெட்டிக்குள்ளே தொங்கும் இரும்புக் குண்டு, கப்பியில் ஓடும் கயிறு. குண்டின் எடையும் சட்டத்தின் எடையும் சரியாக இருந்தால் ஒரு விரலால் தூக்கலாம். விட்ட இடத்தில் நிற்கும்.

வில்ஃபுக்கு மடங்குகிறது வேண்டும். மேவிஸுக்குக் கயிறும் குண்டும் வேண்டும். அதற்குக் காரணம் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலையில் மேவிஸ் வாசற்படியைத் தேய்ப்பாள், பிறகு வாளியில் வெந்நீரும் வினிகரும் கலந்துகொண்டு மாடிக்குப் போவாள். கீழ்ச்சட்டத்தைத் தூக்கி, தெருவுக்கு முதுகைக் காட்டியபடி வெளியே ஜன்னல் கல்லில் உட்காருவாள். கால் இரண்டும் அறைக்குள்ளே தொங்கும், உடம்பு முழுக்க வெளியே, பதினைந்தடி உயரத்தில். தொடையின்மேல் மடித்த துண்டைப் போட்டு, சட்டத்தை அதன்மேல் இறக்கிக்கொள்வாள். ஒரு கை கட்டையைப் பிடித்திருக்கும், மறு கை கண்ணாடியில் ஓடும். அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இப்போது பாதிப்பேர் ஏணிக்காரனைக் கூப்பிடுகிறார்கள். மேவிஸ் கூப்பிடவில்லை.

வில்ஃப் இதைப் பார்த்ததே கிடையாது. வெள்ளிக்கிழமை காலை அவருக்குத் தோட்டத்தில் வேலை வந்துவிடும். ஊருக்கு வெளியே வாடகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் அவர் வளர்த்த பூண்டுத்தாளுக்கு வாரத்தில் வேறெந்த நாளிலும் அத்தனை களை முளைத்ததில்லை. சின்ன வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது, பக்கத்துத் தெருவில் மிஸஸ் ஷாக்கில்டன் ஜன்னலிலிருந்து விழுந்து கிடந்ததைச் சுற்றிக் கூட்டம் நின்றது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே கவிழ்ந்து கிடந்த ஒரு செருப்புதான். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாள், விந்தி விந்தி நடந்தாள். வில்ஃபின் மனசில் அந்தச் செருப்பு மட்டும் நேரானதே இல்லை. இதை அவர் மேவிஸிடம் சொன்னதில்லை. 'ஜாக்கிரதை' என்று மட்டும் சொல்வார். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை 'மழை வரும்போல' என்பதைப்போல ஆகிவிட்டது.

கடைசியில் தச்சன் க்ரெய்க் சட்க்ளிஃப்தான் வழி சொன்னான். "ரெண்டு பேரும் என்னை நடுவுல வச்சு இழுக்காதீங்க. முன் படுக்கையறைக்கு மட்டும் கயிறு வச்சதை மாட்டித் தர்றேன். ஒரு வாரம் ஏத்தி எறக்கிப் பாருங்க. பிடிச்சா மிச்ச அஞ்சும் அப்படியே. பிடிக்கலேன்னா மடங்குறது."

"கண்ணாடி மட்டும் ரெட்டையாப் போடு" என்றார் வில்ஃப். "மேட்டு மூர்ப் பொட்டல்லருந்து வர்ற காத்து என் காதுக்குள்ளயே குடியிருக்கு."

அதற்கு மேவிஸ் மறுப்புச் சொல்லவில்லை. குளிர் அவளுக்கும்தான்.

வியாழக்கிழமை க்ரெய்க் வந்தான். அந்தத் தெருவில் அக்கம்பக்கத்தார் பின்கதவு வழியாகச் சமையலறை வரைக்கும் வரலாம், நாற்காலியை இழுத்துப் போட்டு நாள் முழுக்க உட்காரலாம். மாடி வேறு விஷயம். டாக்டரும் தச்சனும் தவிர வெளியாள் மாடியேறுவதில்லை. மேவிஸ் அவனுக்காகக் கட்டிலில் கல்யாண விரிப்பை விரித்து, அதன்மேல் பழைய போர்வையைப் போட்டு, போர்வையின் ஓரத்தை லேசாக மடித்து விரிப்பு கொஞ்சம் தெரியும்படி விட்டிருந்தாள்.

வேலை சாயங்காலம் வரை நடந்தது. இஞ்சியும் வெல்லப்பாகும் ஓட்ஸும் போட்ட பார்க்கின் கேக்கில் பாதி தட்டு காலியாயிற்று. புதுச்சட்டம் பைன் மர வாசனையோடு, முதல் பூச்சு மட்டும் பூசி, நிலையில் உட்கார்ந்தது. மேவிஸ் தள்ளி நின்று பார்த்தாள். கை நிறையத் துணி வைத்திருந்தவள் அதை அப்படியே அணைத்துக்கொண்டு நின்றாள்.

"தெருவுலயே இதுதான் அழகு" என்றாள்.

"அழகுதான்" என்றார் வில்ஃப். "ஆனா நீ அதுல ஏறி உக்காரப்போற. உனக்கு அறுபத்தொம்பது வயசு."

தச்சன் எதிரே சொன்னார். அதுதான் தப்பாகிவிட்டது. மேவிஸ் துணியோடு விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள். க்ரெய்க் உளிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே தலையை ஆட்டினான்.

"அம்மா கோவத்துக்கு இனி உங்களுக்கு நாய்க்கூண்டுதான், நீங்களே நடந்து உள்ள போயிட்டீங்க, மிஸ்டர் ஹெல்லிவெல்."

"எனக்கே தெரியுது."

"ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்ட மறக்காமச் சொல்லிருங்க. ரெட்டைக் கண்ணாடி கனம். உள்ள தொங்குறது பழைய குண்டு, அது பத்தாது. திங்கக்கிழமை ஈயக்குண்டு கொண்டாந்து மாத்துறேன். பித்தளைப் பிடியும் அன்னைக்குத்தான். அதுவரைக்கும் சட்டத்தத் தூக்காதீங்க. தூக்கினா நிக்காது, எறங்கிரும்."

சண்டை வந்தால் ஹெல்லிவெல் வீட்டில் நாய் வழியாகத்தான் பேச்சு. மேஜர் என்று பெயர், குட்டைக்கால், ஒரு காது கேட்காது. வெள்ளிக்கிழமை காலையில் வில்ஃப் அதன் முன்னால் குனிந்தார்.

"மேஜர், மாடி ஜன்னலத் தொடவேண்டாம்னு சொல்லு."

"மேஜர்" என்றாள் மேவிஸ், அடுப்புப் பக்கம் திரும்பியபடியே, "இதத்தான் முப்பது வருசமாக் கேக்குறேன்னு சொல்லு."

"இது வேற. க்ரெய்க் சொன்னான்னு சொல்லு."

"க்ரெய்க்கும் அந்தப் பக்கம் சேந்தாச்சான்னு கேளு."

மேஜர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ரொட்டித் துண்டு எந்தப் பக்கம் என்று யோசித்தது. வில்ஃப் அடுத்த வாக்கியத்தையும் சொல்லியிருக்க வேண்டும். குண்டு, ஈயம், கனம் என்று மூன்று வார்த்தை. ஆனால் நேற்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது இவருக்கும் உறைத்திருந்தது. சொன்னால் அதற்கும் ஒரு குத்தல் வரும். ராத்திரி பெய்த மழை நின்று போயிருந்தாலும் தோட்டம் சேறாகக் கிடக்கும், அதனால் வெளியே போகவில்லை. கொல்லைக் கொட்டகையில் மண்வெட்டியைத் துடைத்து எண்ணெய் போட உட்கார்ந்தார்.

புதுக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் க்ரெய்க்கின் பெருவிரல் ரேகை பத்துப் பன்னிரண்டு, கண்ணாடியைப் பதிக்கப் பூசிய மக்கின் எண்ணெயோடு பதிந்திருந்தது. வெள்ளிக்கிழமை அதுவுமாக, தெருவுக்கு நேரே, புது ஜன்னலில். மேவிஸ் அதை வாசலில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

நாய் குரைக்கிற சத்தம் கேட்டு வில்ஃப் மாடிக்குப் போனபோது, அவள் வெளியே இருந்தாள்.

அறை வாசலிலேயே நின்றுவிட்டார். கல்லில் அவள் உட்கார்ந்திருந்தாள், பின்னால் ஒன்றுமில்லை, வானமும் எதிர்வரிசைக் கூரைகளும்தான். மேவிஸ் இவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கை துடைத்துக்கொண்டிருந்தது. பார்வை மட்டும் சரியாக இல்லை.

வில்ஃப் கிட்டே போனார். கண்ணாடி இரட்டை, சத்தம் புகவில்லை. அவளுடைய வாய் அசைந்தது. அவர் மண்டியிட்டு, சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சந்தில், அவளுடைய முழங்காலுக்குப் பக்கத்தில் காதை வைத்தார்.

"சத்தம் போடாத" என்றாள் மேவிஸ். "மாட்டிகிட்டேன்."

"என்னது?"

"சட்டம் எறங்கி உக்காந்துருச்சு. தூக்க வரல. ஒரு கையால அசையவே மாட்டேங்குது. மறு கையை விட்டா நான் போயிருவேன்."

வில்ஃப் எழுந்தார். சட்டத்தின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார். ஒரு பக்கம் விரலளவு ஏறிற்று, மறுபக்கம் கோணிக்கொண்டு நிலையில் இறுகிற்று. விட்டதும் இறங்கிற்று. பிடிப்பதற்குப் பிடி கிடையாது. ஈர நாளில் புது மரம் உப்பியிருந்தது. இடதுபக்கம் போய்த் தூக்கினார், வலதுபக்கம் இறுகிற்று. நடுவில் அவளுடைய கால்கள். நடுவில் நின்று தூக்க இடமில்லை.

"இது ரெண்டாள் வேலை" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "ரெண்டு மூலையிலயும் ஒரே நேரத்துல தூக்கணும். வலிக்குதா?"

"துண்டு இருக்கு. கால் மரத்துப்போச்சு, அவ்வளவுதான்."

"நெருப்பணைக்கிறவங்களக் கூப்பிடுறேன்."

"கூப்பிட்டுப் பாரு. மணியடிச்சிட்டு வண்டி வந்து, ஏணி வச்சு, தெருவே நின்னு பாக்க என்னை எறக்குவாங்க. அதுக்கப்புறம் மிச்ச ஜன்னல் எது போடணும்னு நீயும் க்ரெய்க்கும் என்னைக் கேக்கவா போறீங்க? சமையலறையில ஒரு மூலையில உக்கார வச்சிருவீங்க."

"க்ரெய்க்?"

"வேக்ஃபீல்டுல வேலைன்னான். பொழுது சாஞ்சுதான் வருவான்."

வில்ஃப் அவளுடைய கணுக்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டார். கம்பளிக் காலுறை, வீட்டுச் செருப்பு. இரண்டு செருப்பும் காலிலேயே இருந்தது. அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப விழ முடியாதுல்ல" என்றாள் மேவிஸ் மேலேயிருந்து. "நீ ஆசைப்பட்டபடி."

"பேசாம இரு."

அப்போது கீழே குழந்தைத் தள்ளுவண்டி உருளும் சத்தம். மேவிஸின் கை உடனே கண்ணாடியில் ஓடத் தொடங்கியது.

"என்ன மேவிஸ் ஆன்ட்டி, புது ஜன்னலா?" கடைசி வீட்டு நஸ்ரீனின் குரல். "கண்ணு கூசுது போங்க."

"ஆமா கண்ணு. நேத்துத்தான் மாட்டினாங்க."

"எங்க வீட்டுலயும் மாத்தணும். நீங்க எதப் போடுறீங்களோ அதையே போடுவோம்னு அவரு சொல்லிட்டாரு. உங்களப் பாத்துத்தான் எங்க மாமியாரே வெள்ளிக்கிழமை திரைச்சீலை துவைக்கிறாங்க."

"பிள்ளைக்குக் குல்லாவ இழுத்து விடு. காத்து ஊசியா குத்துது."

வண்டி உருண்டு போயிற்று. பிறகு தபால்காரர். அவர் தெருமுனையிலிருந்தே கத்தினார்: "நீ மேல இல்லேன்னா இன்னைக்கு என்ன கிழமைன்னு எனக்கு எப்படித் தெரியும் மேவிஸ்?" அதற்கும் அவள் ஒரு பதில் கொடுத்தாள். தபால்காரர் சிரித்துக்கொண்டே கடிதப்பெட்டி மூடியைத் தட்டிவிட்டுப் போனார்.

தரையில் மண்டியிட்டபடி வில்ஃப் எல்லாவற்றையும் கேட்டார். இத்தனை வெள்ளிக்கிழமையும் தான் சேற்றில் குனிந்து, கண்ணை இறுக்கிக்கொண்டு, வீட்டில் ஏதோ நடக்கக்கூடாதது நடக்கிற நேரத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். இங்கேயோ தெரு இவளிடம் வந்து நின்று அண்ணாந்து வணக்கம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய கை பெரிய வளைவாக மேலேறி, மூலையில் மடங்கி, இறங்கியது. கண்ணாடி துடைக்கும் மெல்லிய தோல்துணியால் ஒரு இழுப்பு, காகிதத்தால் ஒரு இழுப்பு. மாட்டிக்கொண்ட பொம்பளை என்று யார் சொல்வார்கள்? கண்ணாடி அங்கே இருப்பதாகவே தெரியவில்லை. பழைய கண்ணாடியில் அவள் முகம் எப்போதும் லேசாக அலைபாயும். இதில் நேராக இருந்தது, மூக்கு சிவந்து, காதோரம் நரைமுடி பறந்து, உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு.

மலைக்கு மேலே பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு, கீழே ஊர் முழுக்கப் பார்க்கும்போது அவருக்கு நெஞ்சு நிமிரும். அது இப்போது நிமிர்ந்தது.

சந்தில் வாயை வைத்தார். "ஒரே சட்டத்த எத்தன தடவ தொடைப்ப? தேஞ்சிரும்."

"வேற என்ன செய்யச் சொல்ற? சும்மா உக்காந்திருந்தா தெரிஞ்சு போயிரும்ல. எதுத்தாப்புல ஜாய்ஸ் திரைய வெலக்கிட்டா. திரும்பாமயே தெரியுது எனக்கு, கண்ணாடியில விழுது."

"அவளக் கூப்பிடுவோம். பலமான கை. மில்லுல நூல்கட்டு தூக்கினவ. நான் ஒரு மூலை, அவ ஒரு மூலை."

மேவிஸின் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கின.

"அவளையா? பிளாஸ்டிக் ஜன்னல் போட்ட அன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா? 'இனிமே சோபாவுல உக்காந்து டீ குடிச்சிட்டே உன்னை வேடிக்கை பாப்பேன் மேவிஸ்'னா. இப்ப அவகிட்டயே..."

"வேற யாரு இருக்கா?"

மேவிஸ் காகிதத்தால் கண்ணாடியைக் கிறீச்சென்று ஒரு இழுப்பு இழுத்தாள். மூர் பக்கமிருந்து மறுபடியும் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸுல பிரேக் பிடிக்கலேன்னா பஸ்ஸே வேண்டாம்னு சொல்லுவியா நீ?" என்றாள் மேவிஸ் திடீரென்று.

"மாட்டேன்."

"குண்டுதான் பத்தல. எறங்கும்போதே தெரிஞ்சுபோச்சு. ஜன்னல் மேல தப்பில்ல."

"க்ரெய்க் அதத்தான் சொல்லச் சொன்னான். திங்கக்கிழமை ஈயக்குண்டு. நான்தான் மேஜர்கிட்ட பாதியோட விட்டுட்டேன்."

மேவிஸின் கை நின்றது. கண்ணாடி வழியே கீழே குனிந்து, தன் காலடியில் மண்டியிட்டிருக்கிற மனிதரின் வழுக்கையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று வில்ஃப் காத்திருந்தார்.

"நானும்தான் பாதியோட கேட்டேன்" என்றாள். பிறகு, "மடங்குறதா, கயிறா? இப்பச் சொல்லு. அவ மேல வந்துட்டா அவளும் அபிப்பிராயம் சொல்லுவா."

வில்ஃப் கணுக்காலை விடவில்லை. பயம் எங்கும் போகவில்லை, அது அங்கேதான் கவிழ்ந்து கிடந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குப் போக முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"கயிறும் குண்டும்" என்றார். "ஆறும். ஈயமா போடச் சொல்லு. ஆனா ஒண்ணு, வெள்ளிக்கிழமை இந்தக் கால் என் கையில இருக்கணும்."

"பூண்டுத்தாளுக்குக் களை யாரு எடுப்பா?"

"சனிக்கிழமையும் களை மொளைக்கும்."

மேவிஸ் தோல்துணியைப் பிழிந்து, காதோர முடியை முழங்கையால் ஒதுக்கி, மேல்துணியின் கழுத்தைச் சரிசெய்துகொண்டாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஜாய்ஸ் பாராக்ளஃப் வாசற்படியில் வந்து நின்றாள், கையில் ஆவி பறக்கிற டீ.

"என்ன மேவிஸ், இன்னைக்குக் கண்ணாடிய ஓட்டை போட்டுட்டுத்தான் எறங்குவ போல" என்று மேலே பார்த்துக் கேட்டாள். "ஒரே எடத்துல இவ்வளவு நேரம் உக்காந்து நான் பாத்ததில்லையே."

"புதுசுல்ல. அழகா இருக்கு, எறங்க மனசு வரல."

"அழகாத்தான் இருக்கு" என்றாள் ஜாய்ஸ். கொஞ்சம் நிறுத்தி, "இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

முதல் தூறல் கல்லில் விழுந்தது. வில்ஃபின் கைக்குள் கால்கள் கனத்தன. மேவிஸ் முதுகை நிமிர்த்தினாள். துடைத்த கண்ணாடியில் ஒரு பொட்டு அழுக்கு மிச்சமிருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்தாள். பிறகு தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி, தெரு முழுக்கக் கேட்கும் குரலில், கல்யாணத்துக்கு அழைப்பதுபோலக் கேட்டாள்:

"ஜாய்ஸ், அந்த டீயக் கீழ வச்சிட்டு, எங்க மாடிக்கு வந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போறியா?"